200 ஆர்பிஎம்னு மட்டும் போட்டா பத்தாது ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க மாணவர் பக்கத்துல லேப்ல நுண்ணுயிர் வளர்க்கிறத பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. பிறையில எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கிற மாமாக் கடையில ரோட்டி சனாய் பிச்சுக்கிட்டே படிச்சேன், தமிழ்ல இந்த மாதிரி விஷயமெல்லாம் போடுறாங்களேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஒரு வரி மட்டும் இந்த ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு. குடுவையை ஷேக்கர்ல (குலுக்குற மெஷின்) வச்சு 200 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 200 சுத்து) குலுக்கணும், வேகம் கூடக்கூட நல்லா கலக்கும், ஆக்சிஜனும் கூடும்னு போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல ஐயா. பாதிதான் சொல்லியிருக்கீங்க. அந்த மீதிப் பாதி தெரியாமதான் எங்க லேப்ல ஒரு பிள்ளை மூணு மாசம் அழுதுச்சு. கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலைன்னா வெட்டிக்குங்க, நம்பரை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் புரொபசர் கிடையாது, லேப் அசிஸ்டன். பினாங்குல ஒரு லேப்ல (எதுன்னு வேணாம், பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு) 24 வருஷமா ஃபிளாஸ்க் கழுவுறது, மீடியா (நுண்ணுயிர் வளர்றதுக்கான சத்துக் கரைசல்) காய்ச்சுறது, ஆட்டோகிளேவ் (நீராவியில கிருமியைக் கொல்லுற மெஷின்) போடுறது, ஷேக்கர் சத்தம் மாறுனா தொறந்து பெல்ட்டைப் பார்க்கிறது, இதான் வேலை. தினம் மோட்டார்சைக்கிள்ல பாலத்தைத் தாண்டிப் போய் மொதல்ல ஷேக்கரைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் தே. நம்ம பிள்ளைங்க எஸ்பிஎம் பரீட்சைக்கு மலாய்ல கெலாலாங் கோன்னு படிச்சிருக்குமே, அந்தக் கூம்புக் குடுவைதான் ஃபிளாஸ்க். ஜெர்மன்காரர் எமில் எர்லென்மையர் 1860ல கொண்டு வந்தது. அவர் அதை மெஷின்ல போட்டுக் குலுக்கவா செஞ்சார்? கையில புடிச்சு சுழட்டுறப்போ வெளிய சிந்தக்கூடாதுன்னுதான் கீழ அகலமா மேல குறுகலா இருக்கு. அப்புறம் 1933ல ஹாலந்து டெல்ஃப்ட்ல க்ளூய்வர், பெர்க்வின்னு ரெண்டு பேர் பூஞ்சணத்தைக் குலுக்கிக்கிட்டே வளர்க்கிற முறையை எழுதினாங்க. அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சணம் எதுவா இருந்தாலும் பெரிய டேங்குக்குப் போறதுக்கு முன்னாடி மொதல் வேலை பெரும்பாலும் இந்தக் கூம்புக் குடுவையிலதான் நடக்குது.

மொதல்ல ஷேக்கர் என்ன பண்ணுதுன்னு சொல்லிடுறேன், நிறைய பேர் ஃபிளாஸ்க் பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுத்துதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காங்க. சுத்தாது. அம்மா சல்லடையில மாவு சலிக்கிறப்போ பாத்திருப்பீங்க, சல்லடை ஒரே பக்கம் பாத்துக்கிட்டுதான் இருக்கும், ஆனா கை ஒரு சின்ன வட்டம் போடும், அதே கதைதான். தட்டு முழுசும் வட்டம் போடுது, அதுமேல இருக்கிற ஒவ்வொரு ஃபிளாஸ்க்கும் அதே அளவு வட்டம் போடுது. அந்த வட்டத்தோட குறுக்களவை நாங்க ஆர்பிட்னு சொல்லுவோம், சில மெஷின்ல 25 மிமீ, சில மெஷின்ல 50 மிமீ, 19ம் இருக்கு. வட்டம் போடப்போட உள்ள இருக்கிற லிக்விட் ஒரு பக்கமா ஒதுங்கி செவுத்துல ஏறி ஓடும், மேல இருந்து பார்த்தா பிறை நிலா மாதிரி இருக்கும். (எங்க ஊர் பேரே பிறை, அதனால இது எனக்கு மறக்கவே மறக்காது.) அந்தப் பிறை ஓடுற வழியெல்லாம் கண்ணாடியில மெல்லிசா ஒரு ஈரப் படலத்தை விட்டுட்டுப் போகும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் லிக்விட்டுக்குள்ள இறங்குறதுல அந்தப் படலத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, அடுத்த சுத்துல பிறை வந்து அதை வழிச்சு உள்ள சேர்த்துக்கும். மாமாக் கடையில தே தாரிக் இழுக்கிறப்போ அந்த நீட்டத்துல தேத்தண்ணி காத்தை வாங்குது இல்லையா, அதை ஒரு குடுவைக்குள்ள மூடி வச்சு நிமிஷத்துக்கு 200 தடவை செய்யுறதுன்னு வச்சுக்குங்க.

இவ்வளவு பாடு எதுக்குன்னு கேட்டா, தண்ணியில ஆக்சிஜன் கரையுறதே கொஞ்சோண்டுதான். 37 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில ஏறக்குறைய 6.7 மில்லிகிராம், அவ்வளவுதான் புடிக்கும். நல்லா வளர்ந்து கலங்கி நிக்கிற பாக்டீரியா அதை அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துல தின்னு தீர்த்துடும். அதனால ஷேக்கரை நிறுத்திட்டு, ஃபிளாஸ்க்கை மேசையில வச்சுட்டு, வாட்சப் பார்த்துக்கிட்டு சாம்பிள் எடுக்கிற பிள்ளைங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். "என்னா அங்கிள், ரெண்டு நிமிஷம்தானே"ம்பாங்க. உங்க மூக்கை ரெண்டு நிமிஷம் பொத்தவான்னு கேட்பேன்.

சரி, நம்ம கதைக்கு வரேன். அந்தப் பிள்ளை ஈப்போ பக்கத்துப் பிள்ளை, மாஸ்டர்ஸ் பண்ணுது, செம்பனை ஆலைக் கழிவுத்தண்ணியில ஒரு பூஞ்சணத்தை வளர்க்கிற வேலை. இந்தப் பூஞ்சணம் நூல் நூலா வளரும், மூணாவது நாள் ஆனா கஞ்சி மாதிரி கெட்டியாயிடும். பழைய ஷேக்கர்ல அருமையா வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பழைய மெஷின் பேரிங் போய் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சதும் மேல இருந்து புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க, டச் ஸ்கிரீன், உள்ள நீல லைட்டு, பாக்க கப்பல் மாதிரி இருக்கும். பிள்ளை அதே ஃபிளாஸ்க், அதே மீடியா, அதே 25 மில்லி, அதே 200 ஆர்பிஎம்தான் போட்டுச்சு. வளரல. மேல தெளிவா ஒரு அடுக்கு, கீழ கூழ் மாதிரி ஒரு அடுக்கு, மூக்குல வச்சா புளிச்ச வாடை.

மொத மாசம் ஸ்ட்ரெயின் (அந்தப் பூஞ்சண வகை) செத்துப் போச்சுன்னாங்க, ஃப்ரீசர்ல இருந்து புதுசா எடுத்துப் போட்டாங்க, அப்பவும் அதேதான். ரெண்டாவது மாசம் மீடியா மேல பழி, அதாவது என் மேல. நான் காய்ச்சின மீடியாதான் சரியில்லைன்னு நேரா சொல்லல, ஆனா பிள்ளை தனியா காய்ச்ச ஆரம்பிச்சிடுச்சு, புரிஞ்சிக்கிட்டேன். மூணாவது மாசம் ஆக்சிஜன் பத்தலைன்னு சொல்லி 250 ஆர்பிஎம்முக்கு ஏத்துச்சு. உங்க கட்டுரையில போட்ட மாதிரியே. ஒண்ணும் ஆகல. அப்புறம் உள்பக்கம் மடிப்பு வச்ச ஃபிளாஸ்க் இருக்கு, பேஃபிள்ம்போம், அதுல போட்டுப் பார்த்துச்சு. இன்னும் மோசமாச்சு, அதே பேஃபிள்ல தண்ணி மாதிரி கல்ச்சர் (வளர்ற நுண்ணுயிரோட இருக்கிற லிக்விட்) வச்ச பக்கத்து ஆள் ஃபிளாஸ்க்ல நுரை ஏறி பஞ்சு அடைப்பான் நனைஞ்சு அதுவும் கெட்டுச்சு. ஈரப் பஞ்சு வழியா காத்து எங்க போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் போயாச்சு, பிள்ளை மட்டும் மெஷின் முன்னாடி நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல போய் நானும் நின்னேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்பதான் ஒண்ணு பட்டுச்சு.

"ஏம்மா, பிறை எங்கம்மா?"

"என்ன அங்கிள்?"

"லிக்விட்டைப் பாரு. சுத்தலையே."

போனை எடுத்து ஸ்லோ மோஷன்ல வீடியோ புடிச்சோம். ஃபிளாஸ்க் என்னமோ வட்டம் போட்டுக்கிட்டுதான் இருக்கு. உள்ள இருக்கிற கூழ் அடியில தட்டையா உக்காந்துக்கிட்டு லேசா நடுங்குது, அவ்வளவுதான். செவுத்துல ஏறல, பிறையும் இல்ல, படலமும் இல்ல. வெளிய 200 ஆர்பிஎம், உள்ள பூஜ்யம்.

அப்புறம் எனக்குப் பழைய பழக்கம் ஒண்ணு, ஒரு வெள்ளைப் பேப்பரை ஷேக்கர் தட்டுல டேப் போட்டு ஒட்டினேன், மெதுவா ஓடவிட்டு மேல ஒரு பேனாவை அசையாம புடிச்சேன், கையை மெஷின் கூரையில ஊனிக்கணும் இல்லன்னா கோணலா வரும். பேப்பர்ல ஒரு வட்டம் விழுந்துச்சு. ரூலர் வச்சு அளந்தா 25 மிமீ. ஸ்டோர்ல கெடந்த பழைய மெஷினைப் பிளக் சொருகி, கடகடன்னு சத்தத்தோட ஓடவிட்டு அதுலயும் அதே மாதிரி புடிச்சேன். 50 மிமீ. ரெண்டு வட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினதும் பிள்ளைக்குப் பேச்சே வரல. ஒண்ணு அம்பது காசு அளவுக்கு, இன்னொண்ணு தேக் கிளாஸ் மூடி அளவுக்கு. மெஷின் வாங்கறப்போ ஆர்பிஎம் பார்த்தாங்க, டெம்பரேச்சர் பார்த்தாங்க, எத்தனை ஃபிளாஸ்க் நிக்கும்னு பார்த்தாங்க, ஆர்பிட்டை ஒரு மனுஷனும் பார்க்கல.

இதுக்குப் பேர் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பிள்ளை தேடி எடுத்துக்கிட்டு வந்துச்சு, ஜெர்மனியில ஆஹன் நகரத்துப் பல்கலைக்கழகத்துல யோகென் ப்யூக்ஸ்னு ஒரு புரொபசர், அவரும் அவர் ஆளுங்களும் 2000, 2001ல எழுதியிருக்காங்க. ஷேக்கர் மோட்டாரோட முறுக்கு விசையை அளந்து, மெஷின் சொந்தத் தேய்மானத்துக்குப் போறதைக் கழிச்சுட்டு, லிக்விட்டுக்குள்ள நெசமா எவ்வளவு பவர் இறங்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்படி அளக்கிறப்போ கெட்டியான லிக்விட்ல ஒரு கட்டத்துக்கு மேல பவர் தடால்னு விழுந்துடுதுன்னு பார்த்தாங்க, லிக்விட் குடுவையோட ஓட்டத்துல சேர மாட்டேங்குது, தாளம் தப்பிடுது. அவுட் ஆஃப் ஃபேஸ்னு பேர் வச்சாங்க. நான் தாளம் தப்புறதுன்னுதான் சொல்லுவேன், உறுமி ஒரு பக்கம் போக காவடி ஒரு பக்கம் போற மாதிரி. 1933ல குலுக்க ஆரம்பிச்சு 2000 வரைக்கும், ஏறக்குறைய 70 வருஷம், இதுக்கு ஒரு பேரே இல்லாம இருந்திருக்கு. இத்தனை வருஷமா எத்தனை பேர் ஸ்ட்ரெயின் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டாங்களோ.

தாளம் எப்ப தப்பும்னு அவங்க ஒரு கணக்கு குடுத்திருக்காங்க. லிக்விட் கெட்டியா இருந்தா தப்பும், ஃபிளாஸ்க் அளவுக்கு ஆர்பிட் சின்னதா இருந்தா தப்பும், ஃபிளாஸ்க் உள்ள மடிப்பு இருந்தா தப்புறதுக்கு வாய்ப்பு அதிகம், லிக்விட் கம்மியா ஊத்துனாலும் தப்பும். இந்தக் கடைசிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஏன்னா லேப்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறது கம்மியா ஊத்து, ஆக்சிஜன் கூடும்ங்கிறது. தண்ணி மாதிரி லிக்விட்டுக்கு அது சத்தியமான வார்த்தை. கஞ்சிக்கு அப்படியே தலைகீழ். பிள்ளையோட கணக்கைப் போட்டுப் பார்த்தோம், 250 மில்லி ஃபிளாஸ்க், 25 மில்லி லிக்விட், 200 ஆர்பிஎம், தண்ணியைவிட 30 மடங்கு கெட்டி. அவங்க கணக்குல கடைசியா வர்ற நம்பர் 1.26க்கு மேல இருந்தா பிறை ஓடும். 25 மிமீ ஆர்பிட்ல 1.1 கூட வரல. 250 ஆர்பிஎம்முக்கு ஏத்தினாலும் 1.2ஐத் தாண்டல, அதான் வேகத்தைக் கூட்டியும் பலிக்கல. 50 மிமீல போட்டா 2.1க்கு மேல, சும்மா ஜம்முனு ஓடும். அதே 25 மிமீ மெஷின்ல லிக்விட்டை 25ல இருந்து 50 மில்லியா ஆக்கினா 1.4க்கு மேல வருது.

அதுக்கு என்ன அர்த்தம்? கூட ஊத்தினா சுத்தும்! நம்பவே முடியல. மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு, ஆனா போயிட்டேன். பூஞ்சணத்துல விளையாடக் கூடாதுன்னு சாந்தன் கம் பவுடரைத் தண்ணியில கரைச்சு அதே மாதிரி கெட்டியா ஒரு கூழ் பண்ணினேன் (ஐஸ்கிரீம்லயும் சாஸ்லயும் போடுற அதே சாமான்தான்). மூணு ஃபிளாஸ்க், ஒண்ணுல வெறும் தண்ணி 25 மில்லி, ஒண்ணுல கூழ் 25 மில்லி, ஒண்ணுல கூழ் 50 மில்லி. மூணுலயும் வீட்டுல இருந்து கொண்டு போன ரோஸ் சிராப், பாண்டுங்னு பாலோட கலந்து குடிக்கிறது, ஒவ்வொரு சொட்டு விட்டு மெஷினைப் போட்டேன். தண்ணியில ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறதுக்குள்ள ரோஸ் கலர் முழுசா பரவிடுச்சு. 50 மில்லி கூழ்ல பிறை எழும்பி ஒரு பத்து இருபது சுத்துல கோடு கோடா இழுத்து அதுவும் கலந்துச்சு. 25 மில்லி கூழ்ல அந்தச் சொட்டு விழுந்த இடத்துலயே ஒரு சிவப்புப் பொட்டா உக்காந்துக்கிச்சு. நான் கான்டீன் போய் கோப்பி குடிச்சுட்டு வந்து பார்க்கிறேன், பொட்டு கொஞ்சம் வால் முளைச்சு இருக்கு, அவ்வளவுதான். ஐயா, அந்தப் பொட்டைப் பார்த்தப்போ எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. கெடா பக்கம் தோட்டத்துல பால்மரம் சீவுனவர். ஸ்டோர்ல பால் தட்டுல ஃபார்மிக் ஆசிட் ஊத்தி கலக்குற வேலை சில நாள் அவருக்கு வரும், ஒரு மூலையில கலக்காம விட்டாலும் ஷீட்டுல அந்த இடம் மட்டும் தனியா தெரியும், கங்காணிகிட்ட திட்டு விழும். கம்பு சுத்துறதைப் பார்க்காதடா, பால் சுத்துதான்னு பாருன்னுதான் சொல்லுவார். ஃபார்முலா தெரியாத மனுஷன்.

இப்ப பவர் விஷயம். உங்க கட்டுரையில வேகத்தைக் கூட்டச் சொன்னீங்களே, அதுக்கு என்ன விலைன்னு போடல. ப்யூக்ஸ் ஆளுங்க குடுத்த சமன்பாட்டுல தண்ணி மாதிரி லிக்விட்டுக்குக் கணக்குப் பண்ணினா, 250 மில்லி ஃபிளாஸ்க்ல 50 மில்லி, 200 ஆர்பிஎம், லிக்விட்டுக்குள்ள இறங்குறது ஏறக்குறைய 0.02 வாட். 250 ஆர்பிஎம் போட்டா 0.034. அதாவது வேகத்தைக் கால்வாசி கூட்டினா பவர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது, ஏன்னா பவர் வேகத்தோட ஏறக்குறைய மூணு அடுக்குல ஏறும். ஆனா ஆக்சிஜன் இறங்குற திறன் அந்த மாதிரி ஏறாது, சுமார் 30 சதவீதம்தான் கூடும். அதே ஆக்சிஜனுக்கு வேகத்தைத் தொடாம லிக்விட்டைப் பாதியாக்கிப் பாருங்க, தண்ணி மாதிரி கல்ச்சர்ல ஒன்றரை மடங்குக்கு மேலயே ஏறிடும், ஒரு காசு செலவில்லாம. ஆர்பிட் 25ல இருந்து 50 ஆனாலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறுது. வேடிக்கை என்னன்னா தாளம் தப்பாம ஓடுற வரைக்கும் இறங்குற பவர் ஆர்பிட்டைப் பொறுத்து அவ்வளவா மாறாதாம், வேகமும் ஃபிளாஸ்க்கோட அகலமும்தான் முக்கியம். இதை நான் நாலு தடவை படிச்சேன், நம்புறதுக்கு.

இன்னொரு வேடிக்கை. தட்டு நெறைய 25 ஃபிளாஸ்க் வச்சாலும் மொத்தமா லிக்விட்டுக்குள்ள போறது அரை வாட். அரை வாட்ல சாமி மேடையில வைக்கிற குட்டி எல்இடி விளக்கு எரியும், வேற என்ன எரியும். ஆனா கூலிங் வச்ச பெரிய ஷேக்கரோட பின்பக்கத் தகட்டைப் போய் பாருங்க, நூத்துக் கணக்குல வாட் போட்டிருக்கும். மீதியெல்லாம் எங்க போகுது? கனமான தட்டைச் சுத்துறதுக்கு, பேரிங் பெல்ட் தேய்மானத்துக்கு, ஃபேனுக்கு, எல்லாத்துக்கும் மேல ஹீட்டருக்கும் கம்ப்ரெசருக்கும். நம்ம ஊர் வெயில்ல இது பெரிய கூத்து. வாரக்கடைசியில மிச்சம் புடிக்கிறோம்னு ரூம் ஏர்கோனை நிறுத்திடுவாங்க, ரூம் 32 டிகிரிக்குப் போயிடும், உள்ள ஈஸ்ட்டுக்கு 30 வேணும், கம்ப்ரெசர் ராத்திரி பூரா மூச்சு வாங்கும். வாரநாள்ல ஏர்கோனை 20ல வச்சு எல்லாரும் ஜாக்கெட் போட்டு உக்காந்திருப்பாங்க, அந்தக் குளிருக்குள்ள மெஷின் 37 டிகிரிக்குச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கும். ஒருத்தன் ஊத ஒருத்தன் அணைக்கிற கதை. இதுல பிள்ளைங்க கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு கதை பேசும். கரண்ட் பில் ஏறுதுன்னு மேல இருந்து சர்க்குலர் வர்றப்போ ஷேக்கர் வேகத்தைக் குறைங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். வேகத்தைக் குறைச்சா மிச்சமாகுறது இந்த அரை வாட்ல கொஞ்சமும் மோட்டார்ல கொஞ்சமும்தான், கல்ச்சர்தான் மூச்சு முட்டும். நெசமா மிச்சம் புடிக்கணும்னா பாதித் தட்டு காலியா ரெண்டு மெஷின் ஓடாம ஒரே மெஷின்ல நெறைச்சு வைக்கலாம், கதவை மூடலாம். இதைச் சொன்னா நீங்க அசிஸ்டன்தானேங்கிற பார்வைதான் கெடைக்கும்.

நான் சொல்றதை நம்ப லேப் வேணாம். உங்க வாசகருங்க வீட்டுலயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர்ல ரெண்டு விரல் உயரம் தேத்தண்ணி ஊத்தி மேசையில வச்சு சின்னச் சின்ன வட்டமா வேகமா நகர்த்துங்க, உடனே பிறை எழும்பி ஓடும். இன்னொரு டம்ளர்ல அதே உயரத்துக்குக் கெட்டியா சூசு பெக்காட் (டின்ல வர்ற இனிப்புக் கெட்டிப் பால்) ஊத்திட்டு அதே சின்ன வட்டம் போடுங்க. அப்படியே உக்காந்திருக்கும், மேல லேசா ஒரு சுருக்கம் விழும். கையைப் பெருசா வீசி வட்டத்தை அகலமாக்குங்க, அப்ப சோம்பலா ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும். இதுக்கு எத்தனை ஆர்பிஎம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, கண்ணு முன்னாடியே தெரியுது இல்லையா.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. புதுசா வாங்கின மெஷினைத் திருப்பிக் குடுக்க முடியாது, ஏழு கையெழுத்து வேணும். நானும் ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து பழைய 50 மிமீ மெஷினுக்குப் பேரிங் மாத்தினோம், சில நூறு வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிஞ்சுது. அதுல வச்ச மூணாவது நாள் கல்ச்சர் மொத்தமா பொங்கல் மாதிரி கெட்டியா நெறைஞ்சு நின்னுச்சு, மேல கீழன்னு அடுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, வாடையும் சரியான காளான் வாடை. பிள்ளை ஃபிளாஸ்க்கை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, "அங்கிள், மீடியா உங்களுதுதான் போட்டேன்"னு சொல்லுச்சு. போதும்னு இருந்துச்சு எனக்கு.

ஆகவே ஐயா, உங்ககிட்ட கேக்கிறது இதுதான். அடுத்த வாரம் மாணவர் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி போட்டு, 200 ஆர்பிஎம்ங்கிறதோட கூடவே ஃபிளாஸ்க் எத்தனை மில்லி, அதுல லிக்விட் எத்தனை மில்லி, ஆர்பிட் எத்தனை மிமீ, அடைப்பான் பஞ்சா வேறெதுவுமா, மடிப்பு இருக்கா இல்லையான்னு எழுதச் சொல்லுங்க. தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்குப் பிள்ளைங்க செய்யுற புராஜெக்ட்லயும் ஆசிரியருங்க இதைக் கேக்கணும். இன்னொண்ணு, ஃபிளாஸ்க் வாயை அலுமினியத் தாள்ல இறுக்கி மூடுற பழக்கம் பள்ளிக்கூடத்துல நிறைய பார்க்கிறேன், உங்க படத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு, அப்படி மூடினா ஆயிரம் ஆர்பிஎம் போட்டாலும் உள்ள இருக்கிற காத்துதான் திரும்பத் திரும்ப வரும். பஞ்சை ரொம்ப இறுக்காம சுருட்டி வைக்கச் சொல்லுங்க.

அந்தப் பிள்ளை இப்ப தீசிஸ் எழுதிக்கிட்டு இருக்கு. போன வாரம் மெத்தட்ஸ் பகுதியில 50 மிமீ ஆர்பிட்னு எழுதினதை இதெல்லாம் அவசியமா, இடம் அடைக்குதுன்னு ஒருத்தர் சிவப்புப் பேனாவால அடிச்சிருக்காராம். பிள்ளை மறுபடி எழுதி, பக்கத்துல நான் அன்னிக்குப் பேனா புடிச்சுப் போட்ட அந்த ரெண்டு வட்டத்தையும் ஸ்கேன் பண்ணி படமா சேர்த்திருக்கு. இன்னும் திரும்பி வரல.

இப்படிக்கு,
24 வருஷமா ஃபிளாஸ்க் கழுவுற ஒரு வாசகன்,
பிறை, பினாங்கு.